அக்கா பதில்கள்: ஏஞ்சலினா ஜோலிக்கு வந்தது நமக்கும் வருமா?

சென்ற இதழில், புற்றுநோயால் இறந்த நெல்சன் மண்டேலாவின் பேத்தி ஜோலேகா மண்டேலாவைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்தப் பக்கத்தில் அடங்காது. கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு நடிகை, ஒரு பாடகர், ஒரு கிரிக்கெட்காரர் பெயரோடுதான் ஆரம்பிக்கிறீர்கள், உங்கள் வீட்டு விஷயம் மூன்றாவது நாலாவது வரியில்தான் மெதுவாக எட்டிப் பார்க்கிறது. பரவாயில்லை, அப்படியாவது வரட்டும். நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பல வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ், டாக்டர் இல்லை, ஆகவே என்னிடம் மருந்து பெயர் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகளை வைத்து ஆங்கில எழுத்தில் டைப் அடித்து அனுப்பியவர்களின் கடிதங்களை நானே தமிழில் எழுதிக்கொண்டேன், ஒன்றிரண்டு வார்த்தை மாறியிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 27 வயது. ஏஞ்சலினா ஜோலியின் கதையைப் படித்துவிட்டு தானும் அந்த மரபணு சோதனை செய்தே தீருவேன் என்கிறாள். என் அக்காவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து இப்போது நன்றாக இருக்கிறார். வேறு யாருக்கும் இல்லை. செலவு அதிகம் என்கிறார்கள். செய்யலாமா?
(ஃபீனிக்ஸ் வாசகி)

அக்காவுக்கு 68 வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஜோலியின் குடும்பக் கதை வேறு. அவருடைய அம்மா 2007-இல் 56 வயதிலேயே புற்றுநோயால் இறந்தவர். ஜோலியைச் சோதித்தபோது பிஆர்சிஏ-1 என்ற ஜீனில் கோளாறு இருந்தது, மார்பகப் புற்றுநோய் வர 87 சதவீதம், சினைப்பையில் வர 50 சதவீதம் வாய்ப்பு என்று டாக்டர்கள் கணக்குச் சொன்னார்கள், அதற்கு அப்புறம்தான் அவர் இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டார். 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் அதை அவரே எழுதினார். 2015-இல் சினைப்பைகளையும் எடுத்தார்.

கட்டுரை வந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டனில் அந்த ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் மரபணு கிளினிக்குகளுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அமெரிக்காவில் கட்டுரை வெளியான 15 வேலை நாளுக்குள் இந்த ஜீன் சோதனை 64 சதவீதம் கூடியது, ஆனால் அதற்கேற்ப மார்பக அறுவை சிகிச்சை கூடவில்லை, அதாவது ஓடிப் போய்ச் சோதித்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்றும் பெரிய ஆபத்து இருந்திருக்காது என்று ஆய்வு செய்தவர்கள் நினைத்தார்கள். அங்கேயே ஒரு கருத்துக்கணிப்பும் எடுத்தார்கள். நாலில் மூன்று பேருக்கு ஜோலியின் கதை தெரிந்திருந்தது. அவருக்கு இருந்த ஆபத்து எவ்வளவு, சாதாரணப் பெண்ணுக்கு எவ்வளவு என்று சரியாகப் புரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கதை எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது, கணக்கு போகவில்லை.

மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை ஜீனால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்குள் வந்திருக்கிறதா, ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் வந்ததா, சினைப்பைப் புற்றுநோய் உண்டா, ஆண் யாருக்காவது மார்பகத்தில் வந்ததா, ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருக்கிறதா, இதெல்லாம் பார்த்துத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள். அப்பா வழியையும் பார்க்க வேண்டும், அதை நம் ஆட்கள் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். பெண்கள் நோய் அம்மா வழியில்தான் வரும் என்று ஒரு நினைப்பு. முடிந்தால் முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் கோளாறு கிடைத்தால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும். உங்கள் மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு பக்கத்துக் குடும்பத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள், யாருக்கு என்ன வந்தது, எந்த வயதில் என்று. அதை எடுத்துக்கொண்டு வழக்கமான டாக்டரிடம் போங்கள். தேவை என்றால் மரபணு ஆலோசகரிடம் அவர் அனுப்புவார்.

இன்னொன்று. பிரபலங்களைப் பார்த்து சிகிச்சையையும் காப்பியடிப்பது புதிதில்லை. 1987-இல் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகன் கட்டியை மட்டும் எடுக்காமல் மார்பகத்தையே எடுக்கச் சொன்னார். அடுத்த சில மாதம் அந்த நாட்டில் மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை 25 சதவீதம் குறைந்தது. அவருடைய முடிவு அவருக்குச் சரியாக இருந்திருக்கலாம், அத்தனை பெண்களுக்கும் எப்படிச் சரியாகும்?

அப்புறம் ஒரு கேள்வி உங்களுக்கு. 27 வயது மகளின் அம்மா என்றால் நீங்கள் 45-ஐத் தாண்டியிருப்பீர்கள். கூடப் பிறந்த அக்காவுக்கே வந்திருக்கிறது. நீங்கள் கடைசியாக எப்போது மேமோகிராம் எடுத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: ஹாலிவுட் ஆட்களையே சொல்கிறீர்களே, நம் தமிழ் நடிகைகள் யாரும் வெளியே பேசவில்லையா?
(லெனேசியா வாசகி)

ஏன் இல்லை, கௌதமி இருக்கிறாரே. 35 வயதில் மார்பில் கட்டி இருப்பதை அவரே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தவர், வருடக்கணக்காக மேடை மேடையாக அதைப் பேசி வருகிறார். மனிஷா கொய்ராலா 2012-இல் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்து நியூயார்க்கில் சிகிச்சை எடுத்தார். காதலர் தினம் படத்தில் பார்த்த சோனாலி பிந்த்ரே 2018-இல் முடி வெட்டிய படத்தைத் தானே வெளியிட்டார். மூன்று பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். புற்றுநோய் என்றாலே சாவுதான் என்று நினைக்கும் நம் ஆயாக்களுக்கு இந்த மூன்று முகத்தைக் காட்டினால் போதும், நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 61. ராத்திரி நாலு ஐந்து தடவை எழுந்து போகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், "அங்கே விரல் விட்டுப் பார்ப்பான், எனக்கு வேண்டாம்" என்கிறார். நம் இசைக்கலைஞர் ஹியூ மசெகெலா இறந்தபோது இரண்டு நாள் வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.
(டோங்காட் வாசகி)

மசெகெலா 2018 ஜனவரி 23 அன்று 78 வயதில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார். 2008 முதல் அதோடு இருந்தவர். சாவதற்குச் சில மாதம் முன்னால், 2017 அக்டோபரில், கச்சேரிகளை ரத்து செய்து ஒரு அறிக்கை விட்டார், அதில் ஆண்கள் எல்லாரும் ஒழுங்காகப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் வீட்டுக்காரர் பாட்டைக் கேட்டார், அறிக்கையைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

அவருக்கு மசெகெலாவைவிட டூட்டு, மண்டேலா கதையைச் சொல்லுங்கள். பேராயர் டூட்டுவுக்கு 1997-இல் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது, அவர் இறந்தது 2021 டிசம்பர் 26, 90 வயதில். மண்டேலாவுக்கு 2001-இல் தெரிந்து ரேடியேஷன் எடுத்தார், 95 வரை இருந்தார். சாவுச் செய்தி கேட்டால் ஆண்கள் பயந்து இன்னும் தள்ளிப் போடுகிறார்கள் என்பது என் அனுபவம், பிழைத்தவன் கதை சொன்னால்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள்.

விரல் சோதனையைப் பற்றி இப்போதே சண்டை போட வேண்டாம். முதலில் ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள், கையை நீட்டினால் போதும். அது கூடியிருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சாதாரண வீக்கத்துக்கும் தொற்றுக்கும்கூடக் கூடும். ராத்திரி எழுந்து போவதற்கும் பெரும்பாலும் வயதில் வரும் வீக்கம்தான் காரணம், அதற்கு மாத்திரை உண்டு, நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பையன்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். 45 வயதில் டாக்டரிடம் இந்தப் பேச்சை ஆரம்பிக்கலாம், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் 40-லேயே.

கேள்வி: என் தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய், கீமோ நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "யுவராஜ் சிங் மாதிரி தைரியமாகப் போராடு, ஜெயித்துவிடலாம்" என்கிறார்கள். அவர்கள் போனதும் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். "நான் சரியாகப் போராடவில்லையா அக்கா?" என்று என்னிடம் கேட்டான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.
(வெருலம் வாசகி)

இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் எடுத்து எடுத்து வைத்தேன்.

நம் ஊரில் யுவராஜ் பெயரைச் சொன்னால் முதலில் ஞாபகம் வருவது 2007 செப்டம்பர் 19, கிங்ஸ்மீட், ஸ்டுவர்ட் பிராடின் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர். என் மச்சான் அன்று மைதானத்தில் இருந்தார், இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். அப்படிப்பட்ட ஆள் 2011 உலகக் கோப்பையில் சென்னையில் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 113 அடித்தார், அடுத்த வருடம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் கீமோ எடுத்தார், 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் திரும்ப வந்து ஆடினார். சினிமா கதை மாதிரி இருக்கிறதல்லவா, அதனால்தான் எல்லார் வாயிலும் நிற்கிறது.

ஆனால் அவருக்கு வந்தது நெஞ்சுக்கூட்டுக்குள் வந்த செமினோமா என்ற வகை. அந்த வகைக் கட்டிகளுக்கு 1970-களிலேயே சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வைத்து நல்ல சிகிச்சை கண்டுபிடித்துவிட்டார்கள், அதில் முன்னால் நின்றவர் அதே இண்டியானாவில் இருந்த டாக்டர் ஐன்ஹார்ன். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் மூளை வரை பரவியிருந்தும் அங்கேதான் குணமானது. மருந்துக்குக் கட்டுப்படும் கட்டி அது. கணையம் அப்படி இல்லை. அது வெளியே தெரிய ஆரம்பிக்கும்போதே பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் பிரச்சினை. யுவராஜின் தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அதே தைரியத்தோடு கணையப் புற்றுநோயில் போனவர்களை நான் என் கையாலேயே குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன். யார் எவ்வளவு போராடினார்கள் என்று கட்டி பார்ப்பதில்லை.

தம்பிக்கு யாராவது பெயர் சொல்ல வேண்டும் என்றால் நம் பாடகர் ஜானி கிளெக் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கும் 2015-இல் கணையத்தில்தான். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் ஆனது. 2017-இல் இது என் கடைசிப் பயணம் என்று சொல்லியே ஊர் ஊராகப் போய்ப் பாடினார், 2019 ஜூலை 16 அன்று இறந்தார். போகப் போகிறேன் என்று தெரிந்துகொண்டே ஒரு ஆள் அவ்வளவு பேரையும் ஆட வைத்தார், அதைத் தோல்வி என்று யாராவது சொல்வார்களா?

"நீ சரியாகத்தான் இருக்கிறாய், மருந்து கேட்கிறதா இல்லையா என்பது உன் கையில் இல்லை" என்று தம்பியிடம் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆளாவது வீட்டில் வேண்டும், அது நீங்களாக இருங்கள். வலி, வாந்தி, தூக்கம் இதற்கென்றே பாலியேட்டிவ் கேர் டாக்டர்கள் இருக்கிறார்கள், அது கடைசி வாரத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், கீமோ நடக்கும்போதே கேட்கலாம். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டட்டும், ஒருவர் பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப் போகட்டும், சமைக்கத் தெரிந்தவர் வாசனை குறைவான ரசம் வைத்துக் கொண்டு வரட்டும். வேலை கொடுத்தால் பாதிப் பேருக்குப் பேச நேரமிருக்காது.

கேள்வி: சித்துவின் மனைவிக்கு மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சைத் தண்ணீரில் நாலாம் ஸ்டேஜ் சரியானதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நம் பெரியவர்கள் சொன்னதுதானே?
(மெர்பேங்க் வாசகர்)

2024 நவம்பரில் இந்தியாவின் முன்னாள் கிரிக்கெட்காரர் நவ்ஜோத் சிங் சித்து அப்படிப் பேசினார், உண்மை. அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் ரேடியேஷனும் நடந்ததும் உண்மை, உங்களுக்கு வந்த மெசேஜில் அதை யாரோ வெட்டிவிட்டார்கள். மும்பை டாடா மெமோரியலைச் சேர்ந்த 262 புற்றுநோய் டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு, இதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இல்லாத பணமா, அவரும் 2003-இல் நோய் தெரிந்த பிறகு சாப்பாட்டிலும் மாற்று வைத்தியத்திலும் சரி செய்யலாம் என்று சுமார் ஒன்பது மாதம் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டார்.

மஞ்சளையும் வேப்பிலையையும் நான் குறை சொல்வேனா, மாரியம்மன் கூழ் பிரேயருக்கு எங்கள் வீட்டு மரத்திலிருந்துதான் தெருவுக்கே வேப்பிலை போகிறது. குழம்பில் மஞ்சள் போட்டுச் சாப்பிடுங்கள். டப்பாவில் வரும் மஞ்சள் மாத்திரையை மட்டும் கீமோ நடக்கும்போது டாக்டரிடம் சொல்லாமல் போடாதீர்கள், ஈரலையும் ரத்தம் உறைவதையும் அது பாதிக்கலாம்.

கேள்வி: பூனம் பாண்டே என்ற நடிகை செத்துவிட்டதாகச் சொல்லி மறுநாள் உயிரோடு வந்தாரே, விழிப்புணர்வுக்காக என்றார். எப்படியோ நாலு பேர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள், அதில் என்ன தப்பு? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பேத்தி பள்ளியில் அந்த நோய்க்கு ஊசி போட ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள், மருமகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.
(சாட்ஸ்வொர்த் வாசகி)

2024 பிப்ரவரி 2 இறந்தார், 3-ஆம் தேதி எழுந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை ஆயா. உண்மையிலேயே அந்த நோயில் அம்மாவை இழந்த பிள்ளைகள் அன்று அந்தச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். அடுத்த தடவை உண்மையாக ஒருத்தர் சொன்னாலும் "இதுவும் நாடகமோ" என்று ஒரு சந்தேகம் வரும், அந்த நஷ்டத்தை யார் கட்டுவது?

பொய்யே இல்லாமல் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. ஷில்பா ஷெட்டியை 2007-இல் லண்டன் டிவி நிகழ்ச்சியில் கேவலமாகப் பேசிய ஜேட் குடியை ஞாபகம் இருக்கிறதா? நம் வீடுகளில் அந்தப் பெண்ணைத் திட்டாதவர்கள் இல்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில், அதே ஷில்பா நடத்திய இந்திய பிக் பாஸ் வீட்டுக்குள் இருக்கும்போதுதான் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று போன் வந்தது. 2009 மார்ச் 22 அன்று 27 வயதில், இரண்டு சின்னப் பையன்களை விட்டுவிட்டுப் போனார். சாகிறவரைக்கும் கேமரா முன்னாலேயே இருந்தார், பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்கத்தான் என்று மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிடச் சுமார் 5 லட்சம் பெண்கள் கூடுதலாக, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனைக்கு வந்தார்கள். அவர் இறந்த மார்ச்சில் எதிர்பார்த்ததைவிட 70 சதவீதம் அதிகம். படித்த, பதவியில் இருக்கும் பெண்கள் சொன்னால் வராதவர்கள்கூட, தங்களை மாதிரியே பேசுகிற ஒருத்தி சாவதைப் பார்த்து வந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அலை அடங்கியதும் கூட்டமும் அடங்கிவிட்டது. ஒருத்தர் செத்தால்தான் கிளினிக்குக்குப் போவது என்று இருந்தால் எத்தனை பேர் சாக வேண்டும்?

நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் மார்பகத்துக்கு அடுத்து இதுதான். அரசு கிளினிக்கில் 30 வயதிலிருந்து பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று பாப் ஸ்மியர் இலவசம், ஹெச்ஐவி இருந்தால் இன்னும் அடிக்கடி. இது திடீரென்று வரும் நோய் இல்லை, செல்கள் மாறி நோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் ஒரு தடவை பார்த்தாலே பிடித்துவிடலாம்.

ஊசி விஷயம். இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் ஹெச்பிவி என்ற வைரஸுக்கான தடுப்பூசியை 2014 முதல் இங்கே அரசுப் பள்ளிகளில் 9 வயது நிறைந்த பெண் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். உங்கள் மருமகளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உடலுறவில் பரவும் வைரஸுக்கு என் குழந்தைக்கு எதற்கு இந்த வயதில் ஊசி என்பதுதான். வைரஸ் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு, அதனால்தான் அது நெருங்கவே முடியாத வயதில் போடுகிறார்கள். பொலியோ சொட்டு மருந்து கொடுக்கும்போது நாம் குழந்தையின் நடத்தையைப் பற்றி யோசித்தோமா? மாமியார் சொன்னால் எடுபடாது, இந்தப் பக்கத்தை மேசை மேல் திறந்து வைத்துவிட்டு நீங்கள் டிவி பாருங்கள்.

கேள்வி: பிளாக் பேந்தர் நடிகர் நாலு வருடம் யாருக்கும் சொல்லாமல் இருந்தார். எங்கள் அம்மாவும் அப்படித்தான், குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் "சொந்தக்காரர் யாருக்கும் தெரியக் கூடாது, தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. மறைப்பது சரியா?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

சாட்விக் போஸ்மனுக்கு 2016-இல் குடல் புற்றுநோய், அப்போதே மூன்றாம் ஸ்டேஜ். 2020 ஆகஸ்ட் 28 அன்று இறந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நம் நாட்டு நடிகர் ஜான் கானி அந்தப் படத்தில் அவருக்கு அப்பாவாக வந்து கோசா மொழி பேசினார் என்பதால் இங்கே நிறையப் பேருக்கு அது வீட்டுச் சாவு மாதிரி இருந்தது. ஜோலேகா மண்டேலா இதற்கு நேர் எதிர். 2012-இல் மார்பகப் புற்றுநோய் வந்ததிலிருந்து, 2016-இல் திரும்ப வந்தது, 2022-இல் எலும்புக்கும் ஈரலுக்கும் போனது, எல்லாவற்றையும் அவரே வெளிப்படையாக எழுதினார், 2023 செப்டம்பர் 25 அன்று இறந்தார். இரண்டு பேருக்கும் சாகும்போது வயது 43. யார் செய்தது சரி என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, இரண்டு பேருக்கும் அந்த உரிமை இருந்தது.

ஆகவே அத்தை, சித்தப்பா, சம்பந்தி வீடு, இவர்களுக்கு அம்மா சொல்ல வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. இந்த நோய் ஒட்டிக்கொள்ளும், அது வந்த வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று பேசுகிற ஆட்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். 2005 ஜனவரியில் மண்டேலா தன் மகன் மக்காதோ எய்ட்ஸில் இறந்தான் என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னாரே, அவர் சொல்லியும் அந்த நோயைச் சொல்ல எத்தனை வீட்டில் வாய் திறந்தது? ஒரு பெரிய மனிதர் சொன்னால் கதவு கொஞ்சம் திறக்கும், உள்ளே போக ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் நேரம் ஆகும்.

ஒரு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மாவின் கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் இது தெரிந்தே ஆக வேண்டும். அம்மா அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்றுநோய் வந்திருந்தால் நமக்கு வாய்ப்பு கூடுகிறது, மற்றவர்களைவிட முன்னதாகவே கொலனாஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, பார்க்க வேண்டும், 40 வயதிலிருந்தோ அல்லது அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலிருந்தோ, எது முதலில் வருகிறதோ அது. அமெரிக்காவில் 2021-இல் எல்லாருக்குமே இந்தச் சோதனையை 50-லிருந்து 45 வயதுக்கு இறக்கிவிட்டார்கள், இளவயதில் வருவது கூடுகிறது என்பதால். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு களிம்பு தடவாதீர்கள். அம்மாவிடம், "ஊருக்குச் சொல்லவில்லை, மாமாவுக்கு மட்டும் சொல்கிறோம், அவர் உடம்புக்காக" என்று கேட்டுப் பாருங்கள். தன் நோயைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அடம் பிடிக்கிற அம்மாக்கள் தம்பி உடம்பு என்றால் இறங்கி வருவார்கள்.

கேள்வி: பிரபலங்கள் நியூயார்க் போகிறார்கள். நம் கிரிக்கெட்காரர் கிளைவ் ரைஸ் கூடப் பெங்களூர் போனார். வசதி இல்லாதவன் என்ன செய்வது?
(ஸ்டாங்கர் வாசகர்)

நியாயமான கோபம். பிரபலத்தின் பேட்டியில் "சீக்கிரம் கண்டுபிடித்தேன், பிழைத்தேன்" என்று வரும், கண்டுபிடித்த மறுவாரமே சிகிச்சை கிடைத்தது என்பது அதில் வராது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோய் டாக்டர் பற்றாக்குறை, மெஷின் பழுது என்று நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததை 2017-இல் மனித உரிமை ஆணையமே விசாரித்து, நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று எழுதியது. விழிப்புணர்வு என்று சொல்லி மக்களை வரிசையில் நிற்க வைத்தால் மட்டும் போதாது, வரிசை நகர வேண்டும்.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருந்தால், குணப்படுத்தக்கூடிய கட்டிகளுக்கான சிகிச்சையைக் குறைந்தபட்சச் சலுகையாகச் சட்டப்படி அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும், எந்தத் திட்டமாக இருந்தாலும். முடியாது என்று கடிதம் வந்தால் அதோடு விடாதீர்கள், எழுத்தில் காரணம் கேளுங்கள். இல்லாதவர்கள் கிளினிக் அனுப்பும் கடிதம், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், தேதி கொடுத்தவரின் பெயரையும் எழுதுங்கள். 1931-இல் ஆரம்பித்த கான்சா என்ற புற்றுநோய் உதவிச் சங்கம் வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்க இடமும் ஆலோசனையும் தருகிறது, கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியா போகிறவர்களுக்கு ஒன்று: திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பார் என்று இங்கே ஒரு டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 16 வயது. எங்கள் அத்தைக்குக் கீமோவில் முடி போய்விட்டது. மாலில் நடக்கும், புற்றுநோய்க்காகப் பணம் திரட்டும் ஷேவத்தானில் நானும் மொட்டை போடலாம் என்று இருக்கிறேன். கோயில் வேண்டுதல் இல்லாமல் பெண் பிள்ளை மொட்டை போட்டால் ஆகாது என்கிறார் பாட்டி.
(மவுண்ட் எட்ஜ்கோம்ப் வாசகி)

பாட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ முதலில் அத்தையைக் கேட்டாயா? சிலருக்கு மருமகள் மொட்டைத் தலையோடு வந்து நின்றால் அழுகையும் சிரிப்புமாகச் சந்தோஷம் வரும், சிலருக்கு வீட்டில் இன்னொரு கண்ணாடி மாட்டிய மாதிரி இருக்கும். அவர் சரி என்றால் போடு, முடிக்கென்ன, வளரும். வேண்டாம் என்றால் ஷேவத்தானில் தலைக்குக் கலர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டும் பணம் கட்டலாம். எதற்கும் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிடு, முடி விஷயத்தில் சில பள்ளிகளில் சட்டம் கடுமை.